இரண்டரை கோலுக்கு மேல்

ஒரு நிமிட மௌனத்துக்குப் பொத்தான் கிடையாது. ஆட்டம் தாமதம் என்பதற்கு உண்டு, மழைக்கு உண்டு, மைதானத்துக்குள் நாய் புகுந்தால்கூடத் தடங்கல் என்று ஒன்று உண்டு. இருபத்திரண்டு பேர் நடுவட்டத்தைச் சுற்றித் தலைகுனிந்து நிற்பதற்கு மட்டும் கம்பெனிக்காரர்கள் எதுவும் செய்து வைக்கவில்லை. கட்டைவிரல் போன் திரைக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. காதுக்குள் கம்பெனி ஆள் நிகில் ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று கேட்கிறான். எந்த ஊரில் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறானோ, மூன்று வருஷமாகக் குரல்தான் பழக்கம், முகம் தெரியாது. அஞ்சலி என்றேன். யாருக்கு என்றான். ஆறு வாரத்துக்கு முன்னால் இதே இரண்டு அணிகள் இதே மைதானத்தில் ஆடியபோது செத்துப்போனவனுக்கு என்று சொல்லியிருக்கலாம். ஓர் ஆட்டக்காரருக்கு என்று மட்டும் சொன்னேன். அப்படியென்றால் தாமதம் என்று போட்டுவிடு என்றான், போட்டேன். ஆமோஸ், உனக்காக உலகம் ஐம்பத்திரண்டு விநாடி காத்திருந்தது, நடுவர் அவசரக்காரர், முழு நிமிஷம்கூடத் தரவில்லை. விசில். திரையின் ஓரத்தில் அணிப் பட்டியல் இறங்குகிறது, எங்கள் நார்த் பே கிளப், எதிரே நொய்யல் எஃப்.சி., நார்த் பேயில் பதின்மூன்றுக்கு அடுத்து பதினான்கு இன்னும் இருக்கிறது, ஆமோஸ் என்ற பேரும் பக்கத்தில் ஒரு கட்டுப்போட்ட கையின் சின்னப் படமும். காயம் என்று அர்த்தம். ஆள் மாற்றம், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, காயம், இந்த நான்கில் ஒன்றுதான் ஓர் ஆட்டக்காரனுக்கு நேர முடியும் என்று இதை எழுதியவன் நினைத்திருக்கிறான். ஐந்தாவது ஒன்று நேர்ந்தபோது நான்தான் காயம் என்று அமுக்கினேன். ஆறு வாரமாக அவன் காயத்திலேயே இருக்கிறான்.

என் வேலை பந்தைப் பார்ப்பது. வேலைக்குச் சேர்ந்தபோது எழும்பூரில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள், அந்த இரண்டு நாளும் சொன்னது ஒன்றேதான், பந்தைப் பார், பந்தை மட்டும் பார். பந்து நடுவில் சுற்றினால் 'சேஃப்'. எதிரி பாதிக்குள் போனால் 'அட்டாக்'. கோலுக்கு அருகே போனால் 'டேஞ்சர்'. உள்ளே போனால் 'கோல்', அப்புறம் எட்டு விநாடிக்குள் 'உறுதி'. கண் பார்த்ததைக் கை செய்ய வேண்டும், நடுவில் மனசு வரக்கூடாது. நான் அமுக்குவது டிவியில் வருவதற்கு முன்னாலேயே எங்கெங்கோ போய்விடும், இந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத மனுஷர்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு நொய்யலுக்கு அடுத்த கார்னர் கிடைக்குமா என்று பந்தயம் கட்டுவார்கள். மைதானத்தில் முந்நூறு தலை இருந்தால் அதிகம், வெளியே எத்தனை ஆயிரமோ. இங்கே பந்தயம் கட்டினால் போலீஸ் பிடிக்கும், நான் கட்டவில்லை, சொல்கிறேன், அவ்வளவுதான் என்று என் தங்கையிடம் ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. அவள் என்னை நம்புவதுபோல முகத்தை வைத்துக்கொள்வாள். சேஃப். சேஃப். அட்டாக். முழங்கால் போகாமல் இருந்தால் நானே இங்கே இடது பின்காவல் ஆடிக்கொண்டிருப்பேன், பெண்கள் அணியில், இன்னொருத்தி மேலே உட்கார்ந்து நான் ஆடுவதைப் போனில் அமுக்கிக்கொண்டிருப்பாள். ஆடும்போது இப்படியில்லை, பின்காவலுக்குப் பந்தைவிட ஆள்தான் முக்கியம், யார் எங்கே நிற்கிறான், யார் மெதுவாகிவிட்டான், யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று முதுகிலும் கண் வேண்டும். அந்தக் கண்ணைத்தான் அந்த ஹோட்டலில் பிடுங்கிப் போட்டார்கள். முழுசாகப் பிடுங்கவில்லை, அதுதான் என் தலையெழுத்து. ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அந்த மிச்சத்தில்தான் அவன் விழுந்தான். நான் பார்த்தேன். விசாரணைக்கு வந்த லீக் ஆட்களிடமும் கிளப் செயலாளரிடமும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொன்னேன்.

ஏழாவது நிமிஷம் படியேறி வருகிற பெண்மணியை நான் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள், ஆஸ்பத்திரி வாசனை வந்தது, பினாயிலும் சுடு கஞ்சியும் கலந்த மாதிரி. திரும்பாமலே தெரிந்துவிட்டது. ஆமோஸின் அம்மா ரூபியக்கா. அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா, பச்சைப் புடவையோடு அப்படியே வந்திருக்கிறாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. அடக்கத்தன்று தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி, பேசியதில்லை. மூன்றாவது வரிசை, கடைசி நாற்காலி, போன் வைத்துக்கொண்டு ஒரு பொண்ணு உட்காரும் என்று கிளப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நீதான் பியூலாவா என்றாள். ஆமாங்க்கா. அன்னிக்கும் இங்கதான் குந்தியிருந்தியா என்றாள். ஆமாங்க்கா. அப்புறம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள், நான் பந்தைப் பார்த்தேன், சேஃப், அட்டாக், சேஃப். எழுந்து வேறு இடத்துக்குப் போகலாம், போக முடியாது, சிக்னல் இந்த நாற்காலியில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். எதற்கு வந்தாள்? மகன் விழுந்த இடத்தைப் பார்க்க வந்திருப்பாள், யாராக இருந்தாலும் வருவார்கள். இல்லை, என்னைப் பார்க்க வந்திருக்கிறாள். பேர் கேட்டுத்தானே உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரியுமா? தெரிய வழியில்லை. என் கண் எந்தப் பக்கம் போனது என்று என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், அதற்கும் போனுக்கும்.

பதினைந்தாவது நிமிஷம் வாக்கில், கைல இன்னாம்மா அது, ரொம்ப நேரமா குத்திக்கினே இருக்கியே என்று கேட்டாள். சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஆறுதலாக இருந்தது, எதையாவது விளக்கிக்கொண்டிருந்தால் அந்த மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணமான பந்தயம் மூணு வழிக்கா, இவங்க ஜெயிக்கணும், இல்ல அவங்க ஜெயிக்கணும், இல்லன்னா சமம். அது பழசு, எல்லாருக்கும் புரியும். அப்புறம் ஹேண்டிகேப்புன்னு ஒண்ணு. சின்னப் பிள்ளைகளோடு தெருவில் ஆடும்போது ஆட்டம் தொடங்கு முன்னாலேயே உனக்கு ரெண்டு கோல் வச்சிக்கோ என்று கொடுப்போமே, அதேதான், பலமான அணியைப் பின்னால் நிற்கவைத்து ஓடச் சொல்வது. நொய்யல் ஒரு கோலில் ஜெயித்தால் போதாது, இரண்டில் ஜெயித்தால்தான் நொய்யல் மேல் கட்டியவனுக்குக் கிடைக்கும். அப்புறம் கோர்த்துக் கட்டுவது, நாலு ஊரில் நடக்கிற நாலு ஆட்டத்தையும் ஒரே நூலில் கோர்ப்பான், நாலும் அவன் சொன்ன மாதிரி முடிய வேண்டும், ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அத்தனை பூவும் தரையில். ரூபியக்கா தலையாட்டினாள். வார்டில் ஒரு நோயாளிக்கு இத்தனை மணிக்கு மாத்திரை என்று நர்ஸ் சொல்வதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி கவனமாகக் கேட்டாள், கேட்டதை மறக்கக்கூடாது என்கிற கவனம். எனக்குப் பயமாக இருந்தது. எதற்கு இத்தனை கவனம்?

பிறகு கோல் கணக்குக்கு வந்தேன், வந்திருக்கக்கூடாது, வாய் தானாக அங்கே போனது, ஆறின புண்ணை நகம் தேடிப் போவதுபோல. யார் ஜெயித்தாலும் கவலையில்லை, மொத்தம் எத்தனை கோல், அவ்வளவுதான் அந்தப் பந்தயம், இரண்டரைக்கு மேலா இரண்டரைக்குக் கீழா. அரை கோலா, அதெப்டிம்மா என்றாள். எல்லாரும் கேட்கிற கேள்வி, நானும் அந்த ஹோட்டலில் கேட்டேன். அரை கோல் யாரும் போட முடியாது. இரண்டு என்று வைத்தால் சரியாக இரண்டு விழுந்து சமமாகிவிடலாம், சமமானால் கட்டினவனுக்குக் கட்டினதைத் திருப்பித் தர வேண்டும், வீண் வேலை, அதற்காகத்தான் அரை. யாரும் சமாதானமாக வீட்டுக்குப் போகக்கூடாது, ஒருத்தன் தோற்றே ஆக வேண்டும், அதற்கு வைத்த அரை அது. இப்படி நான் சொன்னபோது ரூபியக்கா மெதுவாக, அன்னிக்கு எத்தினி கோலு என்றாள். அட்டாக். டேஞ்சர். நொய்யல் பதினோராம் எண்காரன் அடித்தது மேலே போனது, கூட்டம் ஓ என்றது, கோல்கிக் அமுக்கினேன், சேஃப் இரண்டு தடவை விழுந்துவிட்டது, நிகில் என்ன ஆயிற்று என்றான். மூணுக்கா என்றேன். ரெண்டுக்கு ஒண்ணு, நாமதான் ரெண்டு. மூணாவது எப்போ? அறுபத்துமூணாவது நிமிஷங்க்கா. ம், என்றாள். அறுபத்துமூன்று. அந்த எண்ணைச் சொன்னதும் எனக்கு இன்றைய கடிகாரம் முன்னால் வந்து நின்றுகொண்டது, இருபத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் முப்பத்துநான்கு நிமிஷம், அது வரும், எப்படியும் வரும், நடுவருக்கு மாரடைத்தால் ஒழிய வரும், இதென்ன யோசனை, கர்த்தரே, என்ன யோசனை இது.

இடைவேளையில் டீ வாங்கி வந்தேன், அவளே கேட்காமல் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எனக்கு இரண்டு தந்தாள். இன்னும் கோல் இல்லை. நிகில் பதினைந்து நிமிஷம் போய்விட்டான், காதில் வெறும் காற்று. அந்தக் காற்றில்தான் அதிகமாகக் கேட்கும், ஆமோஸின் காலணி புல்லைத் தேய்த்த சத்தம், முப்பதடி தூரத்திலிருந்து அது கேட்டிருக்கவே முடியாது, இருந்தும் கேட்கிறது, இரண்டு தடவை, இடது கால். ரூபியக்கா தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர், அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை, கட்டிலை விட்டு இறங்குவதில்லை, அழுவதும் இல்லை. ஒரே கேள்விதானாம். வீட்டுக்கு யார் வந்தாலும், பாதிரியார் வந்தாலும், கிளப் செயலாளர் வந்தாலும், பால்காரர் வந்தாலும், புள்ள வுழும்போது யாருமே பாக்கலியா என்று கேட்பார். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்களாம், நாங்க பந்தப் பாத்துக்கினு இருந்தோம். நடுவர், கோச்சு, கூட ஆடினவர்கள், முந்நூறு பேர். ரூபியக்கா டீயை ஆற்றிக் குடித்தாள். என் டூட்டி அப்போ, சொல்லப்போனா நானே ஒரு பெரியவருக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் தள்ளிக்கினு போறேன் அந்நேரத்துக்கு என்றாள். அப்புறம் சாதாரணமாக, எங்க வார்டுல டாக்டருங்க சொல்லுவாங்க, நெஞ்சு நின்னா ஒரு நிமிஷம்ங்கறது ஒரு வருஷம்னு, என்றாள். பிஸ்கட் என் வாயில் மணலாகிவிட்டது. சொல்லிவிடு என்று ஒரு குரல், என் குரல்தான். சொன்னால் இவள் என்ன ஆவாள்? இப்போதாவது கடவுள் எடுத்துக்கொண்டான் என்று தேற்றிக்கொள்கிறாள், நான் சொன்ன பிறகு கடவுள் இல்லை, மூன்றாவது வரிசை கடைசி நாற்காலி. அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறாயா பியூலா? பொய் சொல்லாதே. உனக்காக.

நாற்பத்தாறு. நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டாவது நிமிஷம் திரையில் வந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டேன், அந்த எண் எனக்கு ஆகாது, அந்த எண் போட்ட பஸ்ஸில்கூட ஏறுவதில்லை. நான் அமுக்குவது ஒவ்வொன்றுக்கும் போன் நேரம் குறித்துக்கொள்ளும், ஆட்டம் முடிந்தபின் அதைத் திறந்து பார்க்கலாம், யாரும் பார்ப்பதில்லை, நான் தினமும் பார்க்கிறேன். 63:10 டேஞ்சர். 63:17 கோல். 63:25 உறுதி. 63:58 காயம். நாலே வரி. டேஞ்சர் அமுக்கிய அதே நொடியில்தான் ஓரக்கண்ணில் அவன் இறங்கினான், பந்து அந்தக் கோடியில் இருந்தது, அவன் இந்தப் பக்கம், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், என் நாற்காலிக்கு நேர் கீழே, தனியாக. ஸ்ட்ரெச்சர்காரர்கள் இருவரும் எனக்குப் பத்தடி கீழே முதுகு காட்டி நின்றார்கள். அண்ணே என்று கத்தியிருந்தால் திரும்பியிருப்பார்கள். கத்த வாய் வேண்டும், வாய் சும்மாதான் இருந்தது, கட்டைவிரல்தான் வேலையில் இருந்தது, இருந்தும் உடம்பு மொத்தமும் கட்டைவிரலாகிவிட்டது. பந்து உள்ளே போயிற்று, நம்முடைய கோல், எல்லாரும் எழுந்து ஆடினார்கள், அவனோடு ஆடின பத்துப் பேரும் கார்னர் கொடிக்கு ஓடிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் கோல் அமுக்கினேன், உறுதி அமுக்கினேன், எட்டு விநாடிக்குள், சரியாக. அவனை விட்டுவிட்டு உறுதி அமுக்கினேன் என்பதில்லை, அவனைப் பார்த்துக்கொண்டே அமுக்கினேன். அப்புறமும் மிச்சம் முப்பத்துமூன்று விநாடி இருக்கிறதே, அதில் என்ன செய்தாய்? ஒன்றும் செய்யவில்லை. நடுவர் பார்ப்பார் என்று இருந்தேன். நடுவர் சொல்லாமல் காயம் அமுக்கக்கூடாது, விதி. திரும்ப ஆட்டம் தொடங்க ஆள் எண்ணியபோது நீலச் சட்டையில் பத்துப் பேர்தான் இருந்தார்கள், அப்போதுதான் நடுவர் திரும்பினார், அப்போதுதான் நான் காயம் அமுக்கினேன். உலகத்துக்கு முதலில் சொன்னது நான்தான். இங்கே பத்தடி கீழே இருந்தவர்களுக்குச் சொல்லவில்லை, அவர்கள் நான் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இல்லையாம், என் கைக்கு அப்படித்தான் பழக்கம்.

ஐம்பத்தொன்று, நொய்யல் கோல் போட்டது, அமுக்கினேன், உறுதி, ஒன்றும் தோன்றவில்லை. அன்றைய ஆட்டம் நின்றுபோன பிறகு லீக் கூடி, அது செல்லாது, முதலிலிருந்து மறுபடி ஆட வேண்டும் என்றது. அன்று விழுந்த கோல் மூன்றும் அழிந்தன, மஞ்சள் அட்டை இரண்டும் அழிந்தன, ஆமோஸ் ஆடின அறுபத்துமூன்று நிமிஷமும் அவன் கணக்கில் சேராது. ஆனால் ஒன்று மட்டும் அழியவில்லை. தாங்காமல் ஒருநாள் நிகிலைக் கேட்டேன், கட்டின பந்தயமெல்லாம் என்ன ஆனது என்று. யார் ஜெயிப்பார் என்று கட்டினதெல்லாம் ரத்து, ஹேண்டிகேப் ரத்து, ஆட்டமே முடியாதபோது எப்படி முடிவு சொல்வது என்றான். இரண்டரைக்கு மேல் என்று கட்டினவனுக்கு மட்டும் கிடைத்துவிட்டது, மூன்றாவது கோல் விழுந்த நிமிஷமே அது முடிவாகிவிட்டது, அதற்கப்புறம் வானமே இடிந்து விழுந்தாலும் முடிவானது முடிவானதுதான். நிகில் விதியைச் சொன்னான், அவன் கெட்டவன் இல்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள், அதையாவது வேண்டுமென்று செய்வான் ஒருத்தன். இவர்களுக்கு வீடு எரிந்ததே தெரியாது. அந்தச் சாயங்காலத்திலிருந்து இந்தப் பூமியில் மிஞ்சி நிற்கிற ஒரே விஷயம் நான் உறுதி செய்த அந்த மூன்றாவது கோல். அதை உறுதி செய்த நேரத்தில்தான் அவன். அதே நேரத்தில். சேஃப், சேஃப். ஐம்பத்தெட்டில் நமக்கு ஒன்று விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று. அன்றும் இந்நேரத்துக்கு ஒன்றுக்கு ஒன்றுதான். என் உள்ளங்கை வியர்த்துத் திரை வழுக்கியது, சுடிதாரில் துடைத்தேன், ஒரு டேஞ்சர் தவறிப்போனது. நிகில் பேர் சொல்லிக் கூப்பிட்டான். இருக்கிறேன் என்றேன்.

அறுபது. ரூபியக்கா பந்தைப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்தே பார்க்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது, பந்து அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய் வந்தது, அவள் தலை அசையவே இல்லை, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான இடம். யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள், வெள்ளைக் கோட்டிலிருந்து நாலு அடி உள்ளே, புல் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிற இடம். அங்கே ஒன்றுமில்லை. ஆட்டக்காரர்கள் அதன் மேல் ஓடுகிறார்கள், ஒருத்தன் எச்சில் துப்பினான். அறுபத்தொன்று. அட்டாக். பந்தைப் பார், பந்தை மட்டும் பார். இவள் எல்லாரையும் கேட்டுவிட்டாள், நான்தான் கடைசி, அதனால்தான் வந்திருக்கிறாள், கேட்டால் என்ன சொல்வேன், பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பேன், முந்நூற்றொன்றாவது ஆள். அவர் கட்டிலில் கிடந்து நாளைக்கும் பால்காரரைக் கேட்பார். கேட்கட்டும், எத்தனை நாளைக்குக் கேட்பார், ஒருநாள் நிறுத்துவார், எல்லாரும் நிறுத்துவார்கள். நான் நிறுத்தவில்லையே. அறுபத்திரண்டு. பந்து எங்கள் தடுப்பாளன் காலில், அவன் நீளமாக உதைத்தான், அந்தக் கோடிக்கு, அதே கோடிக்கு, வலது ஓரத்தில் ஒருத்தன் ஓடுகிறான், அட்டாக், கூட்டம் எழுந்திருக்கிறது, என் கட்டைவிரல் டேஞ்சர் மேல் நிற்கிறது, ரூபியக்கா எழவில்லை. அவள் பார்க்கிற இடத்தில் அவன் இருக்கிறான். நான் திரும்பினேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பந்து ஓடும்போது பந்தை விட்டுத் திரும்பினேன்.

"நான் பாத்தேங்க்கா," என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"வுழும்போதே பாத்தேன். மொதல்ல முட்டி போட்டான். ஏதோ கீழ விழுந்தத தேடுறாப்ல ஒரு கைய ஊனுனான். அப்பறம் பக்கவாட்டுல சாஞ்சான், மூஞ்சி இந்தப் பக்கம். எடது கால் ரெண்டுவாட்டி தேச்சிச்சி. நான் கத்தல. இத அமுக்கிக்கினு இருந்தேன். நடுவர் பாக்கறவரைக்கும் நாப்பத்தெட்டு செகண்டு. போன்ல இருக்கு, காட்றேன்."

அந்தக் கோடியில் என்னவோ நடந்தது, சத்தம் வந்தது, பெரிய சத்தம், முன்வரிசை ஆட்கள் குதித்தார்கள், நாற்காலிகள் உருண்டன, கோலாகத்தான் இருக்கும். நான் பார்க்கவில்லை. காதில் நிகில், பியூலா, கோலா, சொல்லு, கோலா என்று கேட்டான், எங்கெங்கோ எல்லாப் பந்தயமும் நின்று எனக்காகக் காத்திருக்கும். காதிலிருந்து அதைக் கழற்றினேன், மடியில் அது சின்னதாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ரூபியக்கா என் பக்கம் பார்த்தாள். அறைவாள் என்று நினைத்தேன், அறைந்தால் தேவலை என்று இருந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், வார்டில் நாடி பார்ப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகின விரல்கள், சரியான இடத்தில் போய் அமர்ந்தன.

"எண்ணு," என்றாள். "எத்தினின்னு சொன்ன, நாப்பத்தெட்டா. எண்ணு, கேக்கறேன்."

ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் கூட்டம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பத்து வரைக்கும் சுலபம், பத்தில் குரல் உடைந்தது, மறுபடி மொதலேந்து எண்ணு என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து நிறுத்தாமல் எண்ணினேன். பதினைந்தில்தான் அன்று நான் உறுதி அமுக்கினேன். இருபது என்பது இவ்வளவு தூரத்தில் இருக்குமென்று எனக்குத் தெரியாது. அந்த நாலு வரியை ஆறு வாரம் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை. இருபத்தாறு, இருபத்தேழு, ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடித்து முடித்து மெதுவாக நடந்து வந்தார்கள், மஞ்சள் புல்லைக் கடந்து போனார்கள். முப்பத்தொன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், உதடு அசைந்தது, அவளும் எண்ணினாள், இல்லை, எண்ணவில்லை, மகனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், வா, வந்துடு என்கிற மாதிரி இருந்தது. நாற்பதில் அவள் பிடி இறுகியது. நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு. இன்னும் முடியவில்லையா என்று எனக்கே கோபம் வந்தது. நாற்பத்தெட்டு.

கையை விட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டாள், அதற்கெல்லாம் அவள் எடுத்துக்கொண்ட நேரத்தையும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன், நிறுத்த முடியவில்லை. மடியில் நிகில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் எழுந்து இரண்டு படி இறங்கி, நின்று, திரும்பினாள். அவள் முகத்தில் மன்னிப்பு இல்லை, கோபமும் இல்லை, வேலை ஒன்று பாக்கி இருக்கிறவர்களின் முகம் அது.

"நாளைக்கு வூட்டுக்கு வா," என்றாள். "அவரு கிட்டயும் இத எண்ணிக் காட்டு."

வரேங்க்கா என்றேன்.